வீட்டில் டிராஃப்ட் பீர்: பார் அமைப்பது முதல் கையைக் கடிக்காமல் நடத்துவது வரை

வீட்டில் ஒரு பார் வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் மரம், விளக்கு, உயரமான ஸ்டூல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் கடைசி வேலை. டிராஃப்ட் பீர், அதாவது கெக் என்ற உலோகப் பீப்பாயிலிருந்து கரியமில வாயுவின் அழுத்தத்தில் குழாய் வழியாக ஊற்றும் பீர், என்று இறங்கினால் முதலில் எடுக்க வேண்டியது பேனாவும் பேப்பரும்தான். உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகும்? இந்த ஒரு எண் தெரிந்தால் கெக்கின் அளவு, ஃபிரிட்ஜின் அளவு, சிலிண்டரின் அளவு எல்லாம் தானாக முடிவாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய பெரிய பெரிய அமைப்புகள்தான் ஒரு வருஷம் கழித்துப் பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன.

வாரக் கணக்கும் கெக்கின் அளவும்

கெக் பெரிதானால் லிட்டருக்கு விலை குறையும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் பீர் காத்திருக்காது. பாஸ்சுரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) டிராஃப்ட் பீர், குளிரில் இருந்தால், நிரப்பிய நாளிலிருந்து சுமார் 3 முதல் 4 மாதம் தாங்கும். பாஸ்சுரைஸ் செய்யாததற்கு 45 முதல் 60 நாள். கரியமில வாயு போட்டுத் திறந்த கெக்கில் 6 முதல் 8 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ருசி மங்கிவிடும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) வாசம் தூக்கலான பீர் என்றால் இன்னும் சீக்கிரமே மங்கும்.

இப்போது ஒரு கணக்கு. வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கு 500 மில்லி, வாரத்தில் 3 நாள். மொத்தம் வாரத்துக்கு 3 லிட்டர். 50 லிட்டர் கெக் வாங்கினால் முடிய 16 வாரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பாதியைக் கடனே என்று குடிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சிங்க்கில் ஊற்ற வேண்டியிருக்கும். 20 லிட்டர் கெக் என்றால் 7 வாரத்துக்குள் தீர்ந்துவிடும். லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் இவர்களுக்கு 20 லிட்டர்தான் லாபம்.

சந்தையில் கிடைக்கும் அளவுகள் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய வகையில் 20, 30, 50 லிட்டர். அமெரிக்க வகையில் 19.5, 29.3, 58.7 லிட்டர். வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் புழங்கும் கார்னிலியஸ் கெக் சுமார் 19 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒன்றிரண்டு லிட்டர்தான் செலவாகும் என்ற வீட்டுக்கு இவை எதுவுமே வேண்டாம். 5, 6 லிட்டர் மினி கெக் போதும். அழுத்தத்தோடு வரும் அந்த வகைகள் திறந்தபின் 30 நாள் வரை தாங்கும். லிட்டருக்கு விலை அதிகம்தான், ஆனால் அதற்கென்று ஒரு ஃபிரிட்ஜும் சிலிண்டரும் வாங்கும் செலவு மிச்சம்.

எடையையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிரம்பிய 20 லிட்டர் கெக் 27 கிலோ அளவுக்கு வரும், ஒரு ஆள் தூக்கிவிடலாம். 50 லிட்டர் 60 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் குடியிருப்பவர் அதைப் படியேற்றும் காட்சியை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

கெக் வாங்குமுன் விசாரிக்க வேண்டியது இரண்டு. தனிநபர் கெக் வாங்கவும் வீட்டில் இவ்வளவு மது வைத்திருக்கவும் உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது ஒன்று. விற்பனை என்ற பேச்சே கூடாது, நண்பர்களிடம் கிளாசுக்கு இவ்வளவு என்று வசூலித்தாலும் பல இடங்களில் அது உரிமம் தேவைப்படும் வியாபாரம்தான். இன்னொன்று டெபாசிட். கெக் பொதுவாக மதுபான ஆலையின் சொத்து, நமக்கு இரவல். காலி கெக்கைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும், அதையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டும் பெட்டி

மூன்று வழி இருக்கிறது. கெக்குக்கென்றே செய்த ஃபிரிட்ஜை வாங்கலாம், பழைய ஃபிரிட்ஜை மாற்றிக்கொள்ளலாம், மேல்பக்கம் திறக்கும் பெட்டி ஃப்ரீசரை மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது சுலபம். டவர் (டேப்பைத் தாங்கும் தூண்), டேப் (பீர் ஊற்றும் திருகுக் குழாய்), ரெகுலேட்டர் (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் கருவி) எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் மலிவான மாடல்களில் சேர்த்துக் கொடுக்கும் ரெகுலேட்டரும் டேப்பும் பெரும்பாலும் சுமார் ரகம், கெக்கிலிருந்து டேப்புக்கு பீர் வரும் டியூப் குட்டையாக இருக்கும். வாங்கிய கையோடு டியூபை மாற்ற வேண்டிவரும் என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள்.

சிக்கனம்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு பெட்டி ஃப்ரீசருக்கு. மூடியைத் திறந்தாலும் குளிர்காற்று கனமானதால் உள்ளேயே தங்கும், நிற்கும் ஃபிரிட்ஜ் மாதிரி கொட்டிப் போகாது. கரண்டும் குறைவாகவே இழுக்கும். ஃப்ரீசரின் பிளக்கை வெளியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் செருகி, அதன் உணரியை உள்ளே விட்டு 3 டிகிரி செல்சியஸ் வைத்தால் ஃப்ரீசர் ஃபிரிட்ஜாகிவிடும். உணரியைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மோகோல் வைத்து ஒட்டும் டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் ஓடும். அணைந்த கம்ப்ரசர் திரும்ப ஓட குறைந்தது 3 நிமிட இடைவெளியும் வையுங்கள், அதன் ஆயுளே அதில் இருக்கிறது.

ஃப்ரீசரின் சுவரில் மட்டும் துளை போடவே கூடாது. குளிரூட்டும் வாயு ஓடும் குழல்கள் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் வளைந்து வளைந்து போகின்றன, ஒன்று ஓட்டையானால் பெட்டியே குப்பை. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மரச்சட்டம் அடித்து உயர்த்தி, டேப்புக்கான துளைகளை அந்த மரத்தில் போடுவதுதான் வழக்கம். நிற்கும் ஃபிரிட்ஜ் என்றால் கதவில் துளை போடுவது பொதுவாகப் பாதுகாப்பானது.

பெட்டி வாங்கும்போது உள்ளளவை அளவு நாடா வைத்து அளந்து பாருங்கள். ஒல்லியான 20 லிட்டர் கெக்கின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர், 50 லிட்டர் கெக்கின் விட்டம் சுமார் 40. உயரத்துக்கு மேல், கெக்கின் கழுத்தில் பூட்டும் கப்ளருக்கு இன்னொரு 15 சென்டிமீட்டர் விடவேண்டும். ஃப்ரீசரின் அடியில் கம்ப்ரசருக்காக ஒரு மேடு இருக்கும், அதன்மேல் கெக் நிற்காது. அங்கே சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும், மேலும் கீழும் ஒரே குளிராக இருக்கக் கம்ப்யூட்டரில் போடும் சின்ன விசிறி ஒன்றும் வைத்தால் போதும்.

வாயு

சிறிய சிலிண்டர்களில் அதிகம் புழங்குவது 2.3 கிலோ வாயு பிடிப்பது. 50 லிட்டர் பீரை வெளியே தள்ள 200 கிராம் வாயுகூடத் தேவையில்லை. ஆக, கணக்குப்படி ஒரு சிலிண்டருக்குப் பத்துக்கு மேல் பெரிய கெக் வரவேண்டும். நடைமுறையில் கசிவு, டியூப் கழுவுவது என்று போக 6 முதல் 8 வரை எதிர்பார்க்கலாம். பெரிய சிலிண்டரில் கிலோவுக்கு வாயு மலிவாக விழும். இடம் இருந்தால் 4.5 கிலோ சிலிண்டர் வாங்கிவிட்டால் நிரப்பும் கடைக்கு அலைவது பாதியாகும். குட்டிக் குட்டி தோட்டா சிலிண்டர்களை வைத்து கெக் ஓட்டுவது மட்டும் வேண்டாம், செலவு எகிறும்.

சிலிண்டர் பக்கத்து மீட்டரை நம்பி வாயு எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே கரியமில வாயு திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் கடைசிச் சொட்டுவரை இருக்கும் மட்டும், 20 டிகிரியில் மீட்டர் சுமார் 830 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்றே காட்டிக்கொண்டிருக்கும். திரவம் தீர்ந்ததும் முள் மளமளவென்று இறங்கும், அப்போது கொஞ்ச நேரம்தான் பாக்கி. அதே சிலிண்டரை 3 டிகிரி ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் நிறைந்திருந்தாலும் 550 பிஎஸ்ஐ அளவுதான் காட்டும். அதைப் பார்த்துக் காலியாகிவிட்டது என்று நிரப்பக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. நம்பகமான வழி எடை போடுவது. காலி எடை சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். அங்கேயே கடைசியாகச் சோதனை செய்த தேதியும் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தத் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், சோதனைக் காலம் கடந்த சிலிண்டரை நிரப்பித் தரமாட்டார்கள்.

அப்புறம் பாதுகாப்பு. 1 கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் 500 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.5 மீட்டர் உயரம் உள்ள மூடிய அறையில் 2.3 கிலோ சிலிண்டர் முழுக்கக் கசிந்தால் அறைக் காற்றில் 5 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு இருக்கும். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும், வாசனை கிடையாது. அதனால் காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்ட், ஸ்டோர் ரூம் போன்ற இடங்களில் பார் வைப்பதானால் தரைக்குக் கிட்டே ஒரு கரியமில வாயு அலாரம் கட்டாயம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்கு உதவாது, அது வேறு வாயு. சிலிண்டர் எப்போதும் நின்றபடி, சங்கிலி போட்டு இருக்கட்டும். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

கப்ளர், டியூப், டேப்

கெக்கின் கழுத்தில் பொருந்தும் பகுதி கப்ளர். எஸ், டி, ஏ, ஜி, யு, எம் என்று பல வகை. எந்த பீர் வாங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தபிறகு கடைக்காரரிடம் வகையைக் கேட்டு வாங்குங்கள். எஸ் வகையும் டி வகையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எஸ்ஸின் நடுமுனை நீளம், ஒன்றுக்கு ஒன்று சேராது.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் ரெகுலேட்டரும் டேப்பும். டேப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், முன்பக்கம் அடைக்கும் வகையாக இருக்கட்டும். பழைய பின்பக்கம் அடைக்கும் டேப்பில் ஊற்றி முடித்ததும் மூக்குப் பகுதியில் பீர் தங்கிக் காய்ந்து பிசுபிசுக்கும், அடுத்த தடவை கைப்பிடி அசையாது. தினமும் நூறு கிளாஸ் ஊற்றும் கடையில் அது பிரச்சினையில்லை. வாரத்தில் 3 நாள் ஊற்றும் வீட்டில் பிரச்சினைதான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டேப்புக்கு ஒரு பூட்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

டியூப் மலிவு, அதனால் தாராளமாக வாங்குங்கள். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர், நீளம் 3 மீட்டர். ஏன் இவ்வளவு நீளம் என்பது அழுத்தம் பற்றிச் சொல்லும்போது புரியும். பீர் வீணாகுமே என்று பயப்பட வேண்டாம், 3 மீட்டர் டியூபில் நிற்பது 55 மில்லிதான்.

கறுப்பு நிற ஸ்டவுட் வகை பீருக்கு வேண்டிய நைட்ரஜன் கலவைக்குத் தனி சிலிண்டர், தனி டேப், 30 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் எல்லாம் தேவை. சிக்கனம் பேசும்போது அதை ஒத்திப்போடலாம்.

கவுண்டர்

இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மேடை உயரம் 105 சென்டிமீட்டர், ஸ்டூல் உயரம் 75, ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம், முட்டி இடிக்காமல் இருக்க மேடை 20 முதல் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். சிங்க் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை மிச்சம். வெயில் படும் சுவரோரமும், ஃபிரிட்ஜின் பின்பக்கம் காற்று போகாத மூலையும் வேண்டாம், இரண்டும் கரண்ட் பில்லில் தெரியும். டேப்புக்கு நேர்கீழே சொட்டுத் தட்டு ஒன்று. இவ்வளவுதான். கவுண்டரே இல்லாமல் ஃப்ரீசரின் மரச்சட்டத்திலிருந்து நேராக ஊற்றிக் குடித்தாலும் பீரின் ருசி மாறாது.

பூட்டுவது எப்படி

1. முதல் நாளே கெக்கைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் இருந்த 50 லிட்டர் கெக் நடுவரை குளிர 24 மணி நேரம் ஆகும். எடுத்து வந்த குலுக்கலும் அதற்குள் அடங்கிவிடும்.

2. சிலிண்டரை நிறுத்திக் கட்டுங்கள். ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நைலான் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரால் முறுக்குங்கள். சிலிண்டரை நிரப்பி எடுத்துவரும் ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுவது நல்ல பழக்கம். காசு பெறாத அந்த வாஷர்தான் ராத்திரியோடு ராத்திரியாகச் சிலிண்டரைக் காலி செய்துவிடும்.

3. ரெகுலேட்டரின் திருகை எதிர்க்கடிகாரத் திசையில் முழுக்கத் தளர்த்திவிட்டு, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து முழுக்க விடுங்கள். பிறகு திருகைக் கடிகாரத் திசையில் சிறிது சிறிதாகத் திருப்பி 12 பிஎஸ்ஐ வையுங்கள்.

4. டேப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கப்ளரை கெக்கின் கழுத்தில் வைத்து, கடிகாரத் திசையில் திருப்பிப் பூட்டி, கைப்பிடியை வெளியே இழுத்து, கீழே அழுத்துங்கள். டக் என்று உட்காரும். டியூபில் பீர் ஏறுவது தெரியும்.

5. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைத்து எல்லா இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. பார்த்தாகிவிட்டது என்று விட்டுவிடாமல், படுக்கப் போகுமுன் சிலிண்டர் வால்வை மூடி மீட்டர் முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முள் கணிசமாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சோப்பில் சிக்காத மெல்லிய கசிவும் இதில் மாட்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் கெக்கின் கழுத்துக்குள் இருக்கும் வால்வைக் கழற்ற முயலாதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அது தோட்டா வேகத்தில் பறந்து வரும்.

அழுத்தம்: நுரை எங்கே பிறக்கிறது

வீட்டு டிராஃப்டில் வீணாகும் பீரில் பெரும்பகுதி நுரையாகத்தான் போகிறது. கிண்ணத்தில் ஒரு லிட்டர் நுரையை வழித்து ஊற்றினால் சுமார் கால் லிட்டர் பீர் போச்சு. இதைத் தடுக்க, பீருக்குள் வாயு எப்படித் தங்குகிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆலையிலிருந்து வரும்போதே பீரில் வாயு கரைந்திருக்கிறது. சாதாரண லாகர் வகை பீரில் ஒரு லிட்டர் பீருக்கு 2.5 லிட்டர் அளவு வாயு என்று வைத்துக்கொள்ளலாம். 3 டிகிரியில் அந்த வாயுவை உள்ளேயே பிடித்து வைக்க 12 பிஎஸ்ஐ தேவை. கெக் 7 டிகிரிக்குச் சூடானால் அதற்கே 16 பிஎஸ்ஐ ஆகும். அதாவது சூடான கெக்கில் 12 பிஎஸ்ஐ வைத்தால் வாயு பீரைவிட்டு வெளியேறிக் குமிழியாக டியூபில் ஓடிவரும்.

இங்கேதான் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். நுரை வருகிறதா, அழுத்தத்தைக் குறை என்று 5 பிஎஸ்ஐக்கு இறக்குவார்கள். பீர் மெதுவாக வருவதால் அன்றைக்குக் கொஞ்சம் சரியான மாதிரி இருக்கும். உண்மையில் பிடிமானம் போனதால் வாயு இன்னும் வேகமாக வெளியேறும். இரண்டு நாளில் டியூப் முழுக்கக் குமிழியும், வாரக்கடைசியில் உப்புச்சப்பில்லாத பீரும்தான் மிச்சம். அழுத்தத்தை வெப்பநிலைக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, வேகத்தை டியூபின் நீளத்தால் கட்டுப்படுத்துவதே சரியான முறை. குறுகிய நீண்ட டியூப் பீரின் ஓட்டத்தை உரசி உரசித் தணிக்கிறது. 12 பிஎஸ்ஐயில் கிளம்பும் பீர் 3 மீட்டர் கடந்து டேப்புக்கு வரும்போது சாந்தமாகிவிடும். 500 மில்லி கிளாஸ் நிரம்ப 8 விநாடி ஆனால் அமைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 4 விநாடியில் நிரம்பினால் டியூபை நீட்டுங்கள், 15 விநாடி ஆனால் கொஞ்சம் வெட்டுங்கள். அதனால் முதலில் நீளமாகவே மாட்டுவது புத்திசாலித்தனம், வெட்டியதை ஒட்ட முடியாது.

சின்னத் திருத்தங்கள் இரண்டு. கெக்கைவிட டேப் எவ்வளவு மேலே இருக்கிறதோ, 30 சென்டிமீட்டருக்கு அரை பிஎஸ்ஐ அதிலேயே செலவாகும். மலைப்பிரதேசத்தில் இருப்பவர்கள் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மீட்டரில் 1 பிஎஸ்ஐ கூட்டி வைக்க வேண்டும். கோதுமை பீரில் வாயு அதிகம் என்பதால் அதற்கு அழுத்தமும் கூடுதல், டியூபும் இன்னும் நீளம்.

நுரை வந்தால் டியூபைப் பாருங்கள்

கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, யாரையாவது டேப்பைத் திறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரியான டியூபில் குமிழி எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

கப்ளரை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே குமிழி தெரிந்தால் கெக் சூடாக இருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது கப்ளரின் ரப்பர் வளையம் தேய்ந்து வாயு பீரோடு கலக்கிறது. கெக்கின் வெப்பத்தை அறைத் தெர்மாமீட்டரால் அளக்காதீர்கள். இரண்டு கிளாஸ் ஊற்றி, இரண்டாவது கிளாஸில் தெர்மாமீட்டரை முக்கிப் பாருங்கள்.

டியூப் முழுக்கச் சுத்தமாகத் தெளிந்திருந்து, கிளாஸில் மட்டும் நுரை என்றால் டேப் பக்கம்தான் கோளாறு. டேப்புக்குள் அழுக்கு, பாதி திறந்த கைப்பிடி, அல்லது கிளாஸ். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து, உடனே ஊற்றும் இரண்டாவது கிளாஸ் சரியாக வந்தால் டவர் சூடாக இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு மேலே நிற்கும் டவருக்குள் குளிர் தானாக ஏறாது. சின்ன விசிறியிலிருந்து ஒரு குழலை டவருக்குள் விட்டுக் குளிர்காற்றை ஏற்றினால் தீர்ந்தது. பெட்டி ஃப்ரீசரின் மரச்சட்டத்தில் டேப் வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இருக்காது.

கெக்கை மாற்றிய அன்று மட்டும் நுரைத்தால் எதையும் தொடாதீர்கள். ஒரு நாள் விட்டுவிடுங்கள், அடங்கிவிடும்.

ஊற்றுவதும் கிளாசும்

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்து, கிளாஸ் முக்கால் நிரம்பியதும் நிமிர்த்தி, ஒரே தள்ளலில் மூடுங்கள். பாதி திறந்து மெதுவாக ஊற்றலாம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அந்தச் சின்ன இடுக்கில் பீர் பீறிட்டு வந்து நுரைத்துத் தள்ளும். டேப்பின் மூக்கு பீருக்குள் முங்கக் கூடாது. மேலே 2 விரல்கடை நுரை நிற்கட்டும், வாசம் அதில்தான் இருக்கிறது.

ஃப்ரீசரில் வைத்து உறையவைத்த கிளாஸ் பார்க்க அழகு. உள்சுவரில் படிந்த பனித்துகள் ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் புள்ளி, நுரை பொங்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசிய கிளாஸ் போதும். எண்ணெய்ப் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை பீர் கிளாசுக்குத் தொடக் கூடாது. சுத்தமா என்று பார்க்க, ஈரமான கிளாஸின் உள்பக்கம் உப்பைத் தூவிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் உப்பு ஒட்டாது.

கழுவுதல்

டியூபில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படியும், கூடவே பீர்க்கல் என்கிற கால்சியம் ஆக்சலேட் படிவும் சேரும். பீரில் வெண்ணெய் வாசமோ புளிப்போ வந்தால் ஆலையைக் குறை சொல்லுமுன் டியூபைச் சந்தேகியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுவதுதான் தொழில்முறைப் பரிந்துரை. வீட்டில் குறைந்தபட்சம் ஒவ்வொரு கெக் மாற்றும்போதும், 3 வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாமல், என்று வைத்துக்கொள்ளலாம்.

கை பம்புடன் வரும் கழுவும் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டியூபில் முதலில் தண்ணீர். பிறகு பீர் டியூபுக்கென்றே விற்கும் காரக் கரைசலை, டப்பாவில் சொன்ன அளவில், வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஏற்றி 20 நிமிடம் நிறுத்துங்கள். மருந்தைத் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கடைசியில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசி, வெளிவரும் தண்ணீரை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் நிறமே வந்தால் சுத்தம். டேப்பைக் கழற்றி உள்ளே பிரஷ் போட்டுத் தேயுங்கள், கப்ளரையும் அப்படியே. 3 மாதத்துக்கு ஒரு தடவை அமிலக் கரைசல் விட்டால் பீர்க்கல் கரையும். காரத்தையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நடுவில் நன்றாக அலசுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை டியூபையே மாற்றிவிடுவது இன்னும் எளிது. 3 மீட்டர் டியூபின் விலை இரண்டு மூன்று கிளாஸ் பீருக்கு மேல் போகாது.

உண்மையில் மிச்சமாகிறதா?

ஒரு கிளாசின் அடக்கவிலை இப்படி. கெக் விலையை அதன் லிட்டரில் 90 சதவீதத்தால் வகுங்கள், 10 சதவீதம் நுரை, டியூப், அடிமிச்சம் என்று போய்விடும். அதோடு வாயு, கழுவும் மருந்து, கரண்ட் மூன்றையும் லிட்டருக்கு ஏற்றிச் சேருங்கள். கரண்டுக்கு மதிப்பீடு வேண்டாம். பிளக்கில் செருகும் மீட்டரை ஒரு வாரம் மாட்டி வைத்தால் சரியான எண் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 500 மில்லி கேன் பீரை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். டிராஃப்டில் ஒரு கிளாசுக்குக் கால் கேன் விலை மிச்சமாகிறது, சாமான் மொத்தத்துக்கும் 200 கேன் விலை ஆகிவிட்டது என்றால், போட்ட பணம் திரும்ப 800 கிளாஸ், அதாவது 400 லிட்டர் ஓட வேண்டும். வாரம் 3 லிட்டர் வீட்டுக்கு அது இரண்டரை வருஷத்துக்கு மேல். வெளியே பாரில் குடிக்கும் விலையோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலமடங்கு சீக்கிரம் திரும்பிவிடும். நேர்மையாகச் சொல்லுங்கள், வீட்டில் டேப் இருந்தால் நீங்கள் பாருக்குப் போவது நிற்குமா, அல்லது அதுவும் இதுவும் சேர்ந்து ஓடுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. கேனைத் திறந்தால் ஒன்று தீர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும், டேப்பில் தெரியாது. வாரம் 3 லிட்டர் என்று திட்டம் போட்ட வீட்டில் 5 லிட்டர் போவது சர்வசாதாரணம். கிளாசுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இதில் போய்விடும், உடம்புக்கும் கேடு. கெக்கின்மேல் ஒரு தாளை ஒட்டி, ஊற்றும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். மாதக்கடைசியில் வெளியே வரும் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கெக்கின் அளவை முடிவு செய்யலாம். கெக்கைக் குளியலறைத் தராசில் வைத்தும் பார்க்கலாம், 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது.

விருந்துக்கு மட்டும் கெக் வாங்குகிறவர்கள் கை பம்ப் பூட்டுவார்கள். அது கரியமில வாயுவுக்குப் பதில் அறைக்காற்றை உள்ளே தள்ளும். ஆக்சிஜன் பட்ட பீர் அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்க ஆரம்பிக்க ஒரு நாள் போதும். அன்றிரவே கெக் காலியாகும் என்று நிச்சயமிருந்தால் கை பம்ப் மலிவான வழி, இல்லாவிட்டால் கிட்டே போகாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

2 வாரம் வரை என்றால் கப்ளரின் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, சிலிண்டர் வால்வை மூடி, டியூபைக் கழுவிக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஃபிரிட்ஜை மட்டும் அணைக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அதற்கேற்ற மாதிரி முந்தைய கெக்கோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. காலி கெக்கைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, பெட்டியை அணைத்து, உள்ளே துடைத்து, மூடிக்கு நடுவில் ஒரு கட்டையைச் செருகித் திறந்தபடி வைத்துவிட்டுப் போகலாம். மூடிவிட்டுப் போன ஃப்ரீசரைத் திரும்பி வந்து திறந்தால் வரும் பூஞ்சை வாசம் லேசில் போகாது.